நாடாக்காவின் பிறந்தநாள் ரொட்டி

ஆஸ்பத்திரி அங்கிக்கு நாடா இரண்டு இடத்தில்தான் இருக்கும். கழுத்துக்குப் பின்னால் ஒன்று, முதுகில் ஒன்று. படுத்துக் கிடக்கிறவருக்கு அது போதும். எழுந்து கழிப்பறைக்குப் போகிறவருக்குத்தான் சங்கடம். ஒரு கை சுவரைப் பிடித்திருக்கும், மறு கை பின்னால் துணியை இழுத்துப் பிடித்திருக்கும். ஒருநாள் ஒரு பெரியவர் அப்படி மானத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடைக்கூடத்தில் போவதைத் துணி அறையில் மிஷினில் தைக்கும் அக்கா பார்த்துவிட்டாள். அன்றைக்கே கிழிந்த படுக்கை விரிப்புகளின் ஓரத்தை நறுக்கி, அங்கிகளுக்கு இடுப்புப் பக்கம் மூன்றாவதாக ஒரு நாடா வைத்துத் தைக்கத் தொடங்கினாள். துணியைச் சுற்றி இழுத்து, நோயாளி தன் கையாலேயே கட்டிக்கொள்ளலாம். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, அவளும் யாரையும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு புது அங்கிகூட அவள் மிஷினில் ஏறாமல் வார்டுக்குப் போனதில்லை. அவள் பெயரே நாடாக்கா என்றாகிவிட்டது.

அந்த நாடாக்காதான் கடைசியில் அதே ஆஸ்பத்திரியில் நோயாளியாகப் படுத்தாள். வயிற்றில் கட்டி. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். புருஷன் முன்னமே போய்விட்டார். ஒரே மகன் தூரத்து ஊரில் வேலையாக இருந்தான், வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. வருகிற தன் பிறந்தநாளுக்கு அவன் வரவேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து தன்னோடு சாப்பிட வேண்டும். "வரேம்மா, கண்டிப்பா வரேன்" என்று அவனும் போனில் சொல்லியிருந்தான்.

தினமும் வந்து பார்த்துக்கொண்டவள், சலவைப் பக்கத்தில் இஸ்திரி போடுகிறவள். சட்டென்று கொதித்துவிடுவாள் என்பதால் நீராவி என்று பட்டப்பெயர். பிறந்தநாளுக்கு முந்தின நாள் நாடாக்கா அவளிடம் ஒரு வேலை சொன்னாள்.

"நீராவி, ரொட்டி செஞ்சு எடுத்துட்டு வரியா? அவனுக்கு அதுன்னா உயிரு. கர்த்தர் பிறந்தநாளுக்கு ஒரு தடவை, அவன் பிறந்தநாளுக்கு ஒரு தடவை, காலையில அதைத்தான் செய்வேன்."

"செஞ்சுட்டாப் போச்சு. எப்படின்னு சொல்லுங்க."

"நேத்து ரொட்டியாப் பார்த்து வாங்கு. புதுசு கூழாப் போயிடும்."

"பிறந்தநாளும் அதுவுமாப் பழசா? நல்லா இருக்கு நியாயம்!"

"பழசுதான்டி பாலை நல்லாக் குடிக்கும். என்னைப் பாரு, பாலைத் தவிர வேற எதுவும் இறங்குதா?"

இருவரும் சிரித்தார்கள். சிரித்ததில் அக்காவுக்கு வயிறு வலித்தது.

செய்கிற விதம் இதுதான். ரொட்டித் துண்டு பத்து எடுத்து, ஓரத்தை நறுக்காமல் பிய்த்து, வெண்ணெய் தடவிய பாத்திரத்தில் பரப்பவேண்டும். அரை லிட்டர் பாலைக் காய்ச்சி ஆறவிட்டு, அதில் நாலு முட்டை, முக்கால் டம்ளர் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் பட்டைத்தூள் சேர்த்து நுரைக்க அடிக்கவேண்டும். பால் சூடாக இருந்தால் முட்டை திரிந்துவிடும், அவசரம் கூடாது. அதை ரொட்டிமேல் ஊற்றி, ஒரு கைப்பிடி உலர்ந்த திராட்சை தூவி, மூடிக் குளிர்ந்த இடத்தில் இரவு முழுக்க ஊறவிடவேண்டும். காலையில், அடியில் தண்ணீர் வைத்த பெரிய பாத்திரத்துக்குள் இதை இறக்கி, மூடி, சின்னத் தீயில் முக்கால் மணி நேரம் வேகவிடவேண்டும். கத்தியால் குத்தினால் ஒட்டாமல் வரவேண்டும். எடுத்ததும் மேலே கொஞ்சம் வெண்ணெயும் சர்க்கரையும்.

காலையில் நீராவி அதைச் சுடச்சுடத் துண்டில் சுற்றி எடுத்துவந்தாள். கூடவே ஒரு புது அங்கியும். பிறந்தநாளுக்குப் புதுத்துணி உடுத்த வேண்டாமா என்று, துணி அறை அலமாரியில் புதிதாக வந்த அங்கிக் கட்டு ஒன்றிலிருந்து உருவி, மடிப்பு நிற்க இஸ்திரி போட்டிருந்தாள்.

"கரகரன்னு இருக்குடி" என்றாள் அக்கா. ஆனாலும் உடுத்திக்கொண்டாள். தலை சீவிவிடச் சொன்னாள். "அவன் வரட்டும், சேர்ந்து சாப்பிடலாம்."

ரொட்டி ஆறியது. மத்தியானம் போன் வந்தது. முதலாளி விடவில்லையாம், அடுத்த மாசம் கண்டிப்பாக வருவானாம். அடுத்த மாசம் என்ற ஒன்று அவளுக்குக் கிடையாது என்பது வார்டில் எல்லோருக்கும் தெரியும்.

"சரிப்பா" என்றாள் அக்கா. "இருமல் எப்படி இருக்கு உனக்கு?"

போனை வைத்தபின் நீராவி பொரிந்து தள்ளினாள். "முதலாளியாவது மண்ணாவது! பெத்தவளைவிடவா?" திட்டிவிட்டு, அழுகையை மறைக்கக் கரண்டி கழுவப் போனாள்.

திரும்பி வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. நடைக்கூடத்துக் கடைசி ஜன்னலில் நின்று அக்கா வாசல் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் சொன்னது பொய்யாகி, எப்படியாவது வந்துவிடமாட்டானா என்றுதான். முதுகு எலும்பு எலும்பாகத் திறந்து கிடந்தது. நோயாளியைப் பார்க்க வந்த இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அக்காவின் கை மட்டும் இடுப்புப் பக்கம் நாடாவைத் தேடித் தேடித் தடவிக்கொண்டிருந்தது. இல்லாத நாடா எப்படி அகப்படும்?

நீராவிக்கு அப்போதுதான் உறைத்தது. அக்கா படுத்த பிறகு வந்த கட்டு அது. அவள் மிஷினில் ஏறாதது. ஓடிப்போய்த் துண்டால் போர்த்தினாள்.

"நான் ஒரு பாவி அக்கா. புதுசுன்னுதான் பார்த்தேன். உங்க கை படாததுன்னு தோணவே இல்லையே!"

அக்கா கட்டிலுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நீராவி துணி அறைக்குப் போய், வெளுத்துத் தேய்ந்த ஒரு பழைய அங்கியைத் தேடிக் கொண்டுவந்து மாற்றிவிட்டாள். அக்காவின் விரல் இடுப்பு நாடாவைப் பிடித்தது. நுனிவரை தடவிப் பார்த்தது.

"என் தையல்தான். மூலையில ரெட்டைத் தையல் இருக்கு பாரு." கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பாத்திரத்தைத் திற" என்றாள்.

கண்ணை மூடி ஜெபித்தாள். "ஆண்டவரே, பாலுக்கு ஸ்தோத்திரம், ரொட்டிக்கு ஸ்தோத்திரம். செஞ்சு எடுத்துட்டு வந்த கைக்கு ஸ்தோத்திரம். யாருக்கோன்னு தைச்ச நாடா எனக்கே வந்துச்சே, அதுக்கு ஸ்தோத்திரம். என் புள்ளை வரலை..." நாடா நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள். "வரலைன்னு சொல்ல ஒரு புள்ளை எங்கேயோ உயிரோட இருக்கானே. அதுக்கும் ஸ்தோத்திரம்."

கடைசி ஸ்தோத்திரத்துக்கு மட்டும் நீராவிக்கு ஆமென் வரவில்லை.

அக்காவுக்கு இரண்டு கரண்டிதான் இறங்கியது. மீதியை வார்டுக்கே கொடுக்கச் சொன்னாள். "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டு, எதிர்க்கட்டில்காரி இன்னொரு துண்டு வாங்கித் தின்றாள்.

மறுநாள் நீராவி வேலைக்கு வந்தபோது அந்தக் கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் நேரே பிணவறைக்குப் போனாள். இஸ்திரிக்கென்று கையில் எடுத்திருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, அக்காவின் அங்கியைச் சுற்றி இழுத்து, இடுப்பு நாடாவை இறுக்கிக் கட்டினாள். முந்தின நாள் விடைபெறும்போது அக்கா கேட்டுக்கொண்டது அதுதான். கையைப் பிடித்துக்கொண்டு, பாதிச் சிரிப்போடு சொன்னாள்:

"என்னை அனுப்பும்போது நாடாவை நீயே பார்த்துக் கட்டிடுடி, நீராவி. முதுகு தெரிய ஆண்டவர் முன்னாடி போய் நிக்கக்கூடாது."