ரெஃபரன்ஸ் கட்டத்தில் என் பெயர்

வேலைக்கு மனுப் போடுகிறவர்கள் படும் பாட்டைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அந்த மனுவை எடுத்து நீட்டுகிற எங்கள் பாட்டை யாரும் பேசுவதில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்ப் உதிரி பாகம் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் நான் ரிசப்ஷனிஸ்ட். ஆள் எடுக்கிற வேலையைப் பார்த்தவர் திடீரென்று நின்றுவிட்டார். எம்.டி. ஒரு கட்டுப் படிவத்தை என் மேஜையில் வைத்து, "ஸ்டோருக்கு ஒரு ஆள் வேணும். நல்லா ஃபில் பண்ணினதை மட்டும் உள்ள அனுப்பும்மா" என்றார். நல்லா என்றால் எப்படி என்று கேட்பதற்குள் ஃபோனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முன்மேஜையில் உட்கார்ந்து பிழைக்கிறவர்களுக்கு இந்த அவஸ்தையை நான் விளக்க வேண்டியதில்லை.

விட்டதற்குக் காரணம்

முதலில் வந்தவர் ஐயப்பன்தாங்கல்காரர். பெயர், விலாசம், படிப்பு எல்லாவற்றையும் மளமளவென்று எழுதிவிட்டு, 'முந்தைய வேலையை விட்டதற்குக் காரணம்' என்ற இடத்தில் அப்படியே நின்றுவிட்டார். பேனாவை மூடுகிறார், திறக்கிறார், என்னைப் பார்க்கிறார். மனதில் இருப்பதை எழுதுங்கள் என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன்.

எழுத ஆரம்பித்தவர் பாதியில் அடித்தார். இன்னொரு படிவம் கொடுத்தேன், அதிலும் அடித்தார். கடைசியில் எழுந்து வந்து என் மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கேட்டார்: "நெசத்த எழுதவா மேடம், வேலை கெடைக்கிற மாதிரி எழுதவா? ரெண்டுத்துக்கும் ஒரே கட்டம்தான கீது?"

நடுவில் ஒரு டிக்

அடுத்தது அன்வர். பூந்தமல்லிப் பையன், இருபத்தாறு வயது. வேலை பார்த்த கம்பெனி மூடிவிட்டதாம். 'திருமணமானவர்', 'திருமணமாகாதவர்' என்று இரண்டு கட்டங்கள் இருக்க, இவர் டிக்கை இரண்டுக்கும் நடுவே வெள்ளைத் தாளில் போட்டிருந்தார். இது என்ன கோலம் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நிச்சயம் முடிந்துவிட்டது, ஆனால் வேலை போனதும் பெண்ணின் அப்பா நிக்காஹ் தேதியைக் குறிக்க மறுத்துவிட்டார். அதைச் சொல்லும்போது அவர் முகம் சின்னதாகிப் போனது, எனக்குப் பாவமாக இருந்தது. இருந்தாலும் எந்தக் கட்டம் என்று கேட்டாக வேண்டுமே? அன்வர் சொன்னார்: "அத நீங்க வேலை குடுத்தாதாங்க்கா சொல்ல முடியும்."

நன்கு அறிந்தவர்

'உறவினர் அல்லாத, உங்களை நன்கு அறிந்த ஒருவர்' என்று கடைசியில் ஒரு இடம் உண்டு. வருகிறவர்கள் பெரும்பாலும் கவுன்சிலர் பெயரையே போடுகிறார்கள். அன்வரின் படிவத்தை வாங்கிப் பார்த்தேன், தூக்கிவாரிப் போட்டது. என் சட்டையில் குத்தியிருந்த பேட்ஜைப் பார்த்து என் பெயரை எழுதியிருக்கிறார். 'எவ்வளவு காலமாகத் தெரியும்' என்பதற்கு, 'இன்று காலையிலிருந்து'.

தம்பி, இது உங்களைப் பற்றி வெளியில் விசாரிப்பதற்கு என்று எடுத்துச் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, "வெளிய யாரும் என்னய உக்கார வச்சுப் பேசலக்கா, நீங்கதான் பேசினீங்க" என்றார்.

எம்.டி.யின் கணக்கு

இந்தப் படிவத்தை உள்ளே அனுப்புவதா, வேண்டாமா? நன்றாக எழுதியதா, மோசமாக எழுதியதா? தலை சுற்றியது. எதற்கு வம்பு என்று எல்லாவற்றையும் மொத்தமாக அனுப்பிவிட்டேன். சாயங்காலம் எம்.டி. கூப்பிட்டார். "இந்த அன்வர் உனக்கு வேண்டியவனா?"

தெரியாது என்றால் பையனுடைய கல்யாணம் போச்சு. தெரியும் என்றால், நாளைக்கு ஸ்டோரில் ஒரு போல்ட் குறைந்தாலும் என் தலை உருளும். பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "காலையில இருந்து தெரியும் சார்." அவர் சிரிக்கவில்லை. "கவுன்சிலர் பேரைப் போட்டவனை நிறுத்தணும்னா எனக்குப் பத்து ஃபோன் வரும். உன் பேரைப் போட்டவனை நிறுத்தினா யாரு கேக்கப் போறா? இவனையே வரச் சொல்லும்மா."

மறுபடி விசாரணை

அன்வர் சேர்ந்து மூன்று நாள் ஆகியிருக்கும். கையில் ஸ்வீட் பாக்ஸோடு ஒரு பெரியவர் வந்து என் எதிரில் உட்கார்ந்தார். பெண்ணின் அப்பா. மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வேண்டுமாம், அன்வர் என்னைத்தான் கைகாட்டினாராம். பாக்ஸை மட்டும் மடியைவிட்டு இறக்கவில்லை.

எனக்கு வியர்த்துவிட்டது. நன்றாகச் சொல்லி அந்தப் பெண்ணுக்கு நாளைக்கு ஏதாவது ஆனால்? "நேரத்துக்கு வர்றாரு பாய். கேட்டதுக்கு உள்ளதைச் சொல்றாரு. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். சொன்னதுமே, கெடுத்துவிட்டோமே என்று தோன்றியது. அவர் பாக்ஸைத் தூக்கி என் மேஜைமேல் வைத்தார். "மத்தவங்க அல்லாரும் தங்கம், வைரம்னாங்கம்மா, எனக்கு பயம் வந்துச்சு. தெரியாதுன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். தேதி குறிச்சிடறேன்."

படிவத்தை எப்படி நிரப்பினால் வேலை கிடைக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். ஒருவர் அதைத் தப்பாக நிரப்பியதால் அடுத்த மாதம் பூந்தமல்லியில் எனக்குப் பெண்வீட்டாரோடு பிரியாணி, மாப்பிள்ளைவீட்டாரோடு ஃபோட்டோ.