லீவு நாளில் ஏறாத குடல்

போன மாதம் முழுக்க எங்கள் வீட்டில் காலை இப்படித்தான் விடிந்தது. வாசலில் ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கும். உள்ளே என் பேத்தி யாழினி பாத்ரூமைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுவாள் — "வயிறு வலிக்குது!"

ஏழாம் வகுப்பு. மூன்று வாரத்தில் நான்கே நாள்தான் போயிருந்தாள். இப்படியே விட்டால் படிப்பு என்னாவது? மகனும் மருமகளும் கையைப் பிசைந்தார்கள். நான் பிசையவில்லை. விருத்தாசலத்தில் ஒற்றை ஆளாகப் பீங்கான் சூளை போட்டு, நாற்பது பேருக்கு வேலை கொடுப்பவன்... ஒரு வயிற்றுவலிக்கா அசருவேன்?

'குடலேற்றம்' என்று நானே தீர்ப்பு சொன்னேன். கருவேப்பிலங்குறிச்சியில் எண்ணெய் போட்டுக் குடல் தட்டும் அஞ்சலையிடம் மூன்று தடவை கூட்டிப் போனேன்.

மூன்றாவது தடவை அஞ்சலை கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏங்க ஐயா, லீவு நாள்ல ஏறாத கொடலு ஸ்கூலு நாள்ல மட்டும் எப்புடிங்க ஏறும்? புள்ள எதுக்கோ பயந்து கெடக்குது. நல்ல டாக்டரா பாருங்க."

பிள்ளைகளின் மனநலம் பார்க்கும் டாக்டரம்மா ஒருவரிடம் போனோம். யாழினியோடு ஒரு மணி நேரம் பேசினார்.

"என்ன பயம்னு சொல்லுங்க, முடிச்சிடலாம்" என்றேன்.

"ஒண்ணு இல்லீங்க ஐயா, மூணு. கிளாஸ்ல எழுந்து பேசப் பயம். ஸ்கூட்டியில போற அம்மா அடிபட்டுடுவாங்களோன்னு பயம். நெஞ்சு படபடன்னு அடிச்சா செத்துடுவோமோன்னு பயம். பசங்களுக்கு இது பல சமயம் சேர்ந்துதான் வரும். நடிப்பு இல்லீங்க, வலி நெஜம்."

சூளையில் சுடும் பீங்கான் ஃபியூஸ் கட்டை ஒன்று விரிசல் விட்டால் மண்ணா, ஈரமா, சூடா என்று மூன்றையும் பார்ப்பவன் நான். பேத்திக்கு மட்டும் ஏன் ஒரே காரணம் தேடினேன்?

டாக்டரம்மா கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினார். முதல் படி — ஒரே ஒரு பீரியட். அட்டெண்டன்ஸுக்குக் குரல் கொடுத்தால் போதும்.

இந்தத் திங்கட்கிழமை ஸ்கூல் கேட்டில் நின்றோம். அவள் கை ஜில்லென்று இருந்தது.

"பயப்படாத கண்ணு. தாத்தா ஒன் வயசுல—"

"ஐயோ தாத்தா, ஒங்க கதைய ஆரம்பிக்காதீங்க! சும்மா நில்லுங்க, போதும்."

நின்றேன். வாயை மூடிக்கொண்டு! மூச்சை நன்றாக இழுத்து விட்டாள். போனாள்.

முக்கால் மணி நேரம் கழித்து வந்தாள்.

"'பிரசன்ட் மிஸ்'னு சொல்லிட்டேன் தாத்தா. குரலு நடுங்கிச்சு."

"வயிறு?"

"வலிச்சுது. ஆனா எழுந்து வரல."

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். வாத்தியார் பெயர் கூப்பிடும்போது வாய் திறக்கப் பயந்து, ஐந்தாம் வகுப்பில் எழுந்து ஓடி வந்தவன் நான்.