பள்ளி வேனில் பூனை இல்லை

எட்டு மாதங்கள் நான் என் பள்ளி வேனிலேயே குடியிருந்தேன். கூட ஒரு பூனை. இதை இப்போது எழுத முடிகிறது. அப்போது வாயால் சொல்ல முடியவில்லை. அதுவும் எனக்கு! செண்டாயான் சாலையில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, விற்கிற அக்கா என்னைப் பற்றி எல்லாரிடமும் சொல்வது ஒன்று உண்டு: "அண்ணனுக்கு வாயில ஒரே கியருதான், அதுவும் டாப் கியரு." அப்படிப்பட்ட வாய் ஒரே ஓர் இடத்தில் பூட்டிக்கொண்டது.

மம்பாவில் நான் வாடகைக்கு இருந்த வீட்டை, மகள் கல்யாணத்துக்கு வேண்டும் என்று வீட்டுக்காரர் திருப்பிக் கேட்டார். நல்ல மனிதர், இரண்டு மாதம் தவணை கொடுத்தார். மனைவி இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. தனி ஆளுக்கு என்ன பெரிய வீடு, ஒரு வாரம் வேனில் சமாளிப்போம் என்று பாயைச் சுருட்டி ஏற்றினேன். பின்வரிசை இருக்கைகளின் மேல் ஒரு பலகை, அதன்மேல் பாய். கால்மாட்டில் சின்ன அடுப்பு. குளியல், எஸ்டேட் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் குழாயில். மத்தியானம் பிள்ளைகளை இறக்கிவிட்டதும் லிங்கிப் பக்கம் ஒரு பழைய பம்ப் வீட்டு நிழலில் வண்டியை நிறுத்திவிடுவேன். ஒரு வாரம் ஒரு மாதமாயிற்று, அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

பூனை தானாக வந்தது. ஒரு மழை நாளில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை எடை போடும் இடத்தில் வண்டியை நிறுத்தியிருந்தபோது எஞ்சினுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. பேர் வைக்கவில்லை. 'அடியே' என்றால் வரும். சனி ஞாயிறு வந்தால் எங்களுக்குச் சுற்றுலாதான். முன்கண்ணாடிக்குக் கீழே அவள் படுத்துக்கொள்ள, ஆற்றோரமாகவே ஓட்டிக் கடல் வரைக்கும் போவோம். பொரித்த மீனில் சதை எனக்கு, தலையும் முள்ளும் அவளுக்கு. அந்தப் பயணங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதனால்தான் மற்றது இன்னும் கூசுகிறது.

பெற்றோர் யாருக்கும் தெரியாது. வீடு வாசல் இல்லாதவன் கையில் பிள்ளையை ஒப்படைப்பார்களா என்று பயம். கிளம்புகிற நேரத்தில் பூனை குறுக்கே போனாலே செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப உள்ளே போய்த் தண்ணீர் குடித்து வருகிற வீடுகள் அவை. பூனையே வேனுக்குள் என்றால்? பம்ப் வீட்டில் விட்டுவிட்டும் போக முடியாது, நாய்கள் துரத்தின. ஆகவே விடிவதற்கு முன் எழுந்து பாயைச் சுருட்டி, பூனையைக் கூடையில் போட்டு, என் இருக்கைக்கு அடியில் தள்ளித் துணியால் மூடிவிடுவேன். அவள் பகலெல்லாம் தூங்குகிற ஜாதி, சத்தம் போடமாட்டாள். ஆனால் வாடையை என்ன செய்வது? ஒரு பால் டின்னில் கங்கு போட்டு, சாம்பிராணி தூவி, கண்ணாடிகளை மூடிப் பத்து நிமிடம் புகை கட்டுவேன். பூனை வாடை, நெத்திலி வாடை எல்லாம் அதில் மறைந்துவிடும்.

"அண்ணன் வேன்ல ஏறுனா கோயிலுக்குள்ள போன மாதிரியே இருக்கு லா," என்றார்கள் அம்மாமார்கள். நான் மறுநாளிலிருந்து நெற்றியில் விபூதியைக் கொஞ்சம் பட்டையாகவே போட்டுக்கொண்டேன். எவ்வளவு கேவலம், பாருங்கள்.

கடைசி எஸ்டேட்டில் ஒரு பெண்பிள்ளை, மூன்றாம் ஆண்டு படிப்பவள். காலையில் முதலில் ஏறுவாள், மத்தியானம் கடைசியில் இறங்குவாள். ஒருநாள் மற்றவர்கள் இறங்கியபின் கூடைத் துணி அசைந்தது. எட்டிப் பார்த்துவிட்டாள். எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வீடு வரும்வரை தடவிக்கொண்டே வந்தாள்.

"அம்மாகிட்ட சொல்லாத பாப்பா," என்றேன்.

"சொல்ல மாட்டேன் அங்கிள். சத்தியம்."

தாய்க்குத் தெரியாத ஒரு ரகசியத்தைப் பிள்ளை கையில் கொடுக்கிறோமே என்று அன்றைக்கு உறைக்கவில்லை. அதன்பிறகு தினமும் கடைசி இரண்டு மைல் பூனை அவள் மடியில்தான்.

கொஞ்ச நாளில் அவளுக்கு மூச்சு இளைப்பு வந்தது. அவள் அம்மா செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே என்னை வாசலில் நிறுத்திக் கேட்டாள்.

"அண்ணே, பாப்பாவுக்கு நெஞ்சு கீச்சுகீச்சுன்னு கத்துது. வேன்ல எதாச்சும் வாங்கித் தின்னுறாளா?"

எனக்கு அந்த நேரத்தில் கூடை ஞாபகம் வந்தது. வாய் முந்திக்கொண்டது.

"பள்ளிக்கூட வாசல்ல ஐஸ் தண்ணி வாங்கிக் குடிக்கிறாம்மா. நான் என் கண்ணால பாத்தேன்."

"நான் குடிக்கல மா!"

அம்மா அவள் காதைப் பிடித்துத் திருகினாள். "அப்ப அங்கிள் பொய் சொல்றாரா?"

அந்தப் பிள்ளை அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். ஒரே சொல் போதும், என்னை அங்கேயே கவிழ்த்துவிடலாம். சொல்லவில்லை. சத்தியம் செய்திருந்தாளே.

இளைப்பு நிற்கவில்லை. ஒரு மாதம் கழித்து அம்மாவே ஒரு வழி சொன்னாள். "கண்ணுதான் பட்டிருக்கும் அண்ணே. அவ உக்கார்ற எடத்துல சாம்பிராணி கொஞ்சம் கூடக் காட்டுங்க." நானும் காட்டினேன். அவள் இருக்கைக்கு அடியிலேயே டின்னை வைத்து, இரண்டு பங்கு புகை.

மூன்றாம் நாள் மழை. கண்ணாடிகள் எல்லாம் மூடியிருந்தன. பாதி வழியில் பிள்ளைகள் கத்தினார்கள்: "அங்கிள், அவளுக்கு மூச்சு வரல!" திரும்பிப் பார்த்தேன். உதடு வெளுத்து, தோள் இரண்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அத்தனை பிள்ளைகளோடும் அரசாங்கக் கிளினிக்குக்கு விரட்டினேன். மூக்கில் மூடி போட்டு மருந்துப் புகை கொடுத்தார்கள். அம்மாவும் அப்பாவும் மோட்டார் சைக்கிளில் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார்கள்.

அங்கிருந்த மலாய்க்கார டாக்டர் அம்மையார் ஒவ்வொன்றாய்க் கேட்டு அட்டையில் எழுதினார். தூசி? புகை? வீட்டில் பூனை உண்டா? அம்மா, எங்கள் வீட்டில் பூனையே கிடையாது என்றாள். அவர் என் பக்கம் திரும்பினார். வேனில்?

"தாக் அடா," என்றேன். இல்லை என்று.

என் கால்சட்டை முழுக்கப் பூனையின் மஞ்சள் முடி. மூக்கு மூடிக்கு மேலே அந்தப் பிள்ளை கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள்.

மத்தியானம் மற்றப் பிள்ளைகளை வீடுகளில் இறக்கிவிட்டு லிங்கி மீன் சந்தைக்குப் போனேன். பூனையை அங்கே விட்டுவிட்டு, வேனைக் கழுவிவிட்டால் முடிந்தது, யாருக்கும் தெரியப்போவதில்லை. இதுதான் திட்டம். கூடையைத் திறந்து தரையில் விட்டேன். அவள் ஒரு மீன் செதிலை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அந்த அட்டை ஞாபகம் வந்தது. நான் பூனையை எங்கே கொண்டுபோய் விட்டாலும், அதில் 'இல்லை' என்று எழுதியது அப்படியேதான் இருக்கும். நாளைக்கு அந்தப் பிள்ளை வேறு யார் வீட்டுப் பூனையையாவது தூக்கி மடியில் வைத்தால்? அதைத் தொடாதே என்று சொல்ல யாருக்குத் தெரியும்? 'அடியே' என்றேன். வந்தாள். நேரே அந்த எஸ்டேட்டுக்கு ஓட்டினேன்.

அம்மா வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, வேன்ல பூனை இருக்கு. நானும் அதுலதான் இருக்கேன்."

"இருக்கீங்கன்னா?"

"குடியிருக்கேன். எட்டு மாசமா. வீடு இல்ல."

என்னையும் வேனையும் மாறிமாறிப் பார்த்தாள். திட்டுவாள் என்று குனிந்து நின்றேன். அவள் கேட்டது வேறு.

"அப்ப அந்த ஐஸ் தண்ணி?"

"குடிக்கல. நான் பாக்கல."

கையில் இருந்த துணியைத் திண்ணையில் போட்டாள். "ஒரு மாசமா அவள சாமி படத்துக்கு முன்னால நிக்க வச்சு, குடிச்சேன்னு ஒத்துக்கடின்னு கேட்டேன் அண்ணே. நேத்து ஒத்துக்கிட்டா."

பின்னால் வந்து நின்ற அப்பா, எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டுபவர், மெல்லச் சொன்னார்: "வீடு இல்லன்னு சொல்லியிருந்தா, பின்னால ஒரு ரூமு சும்மாதானே கெடக்கு." அதைவிட அவர் என்னை அடித்திருக்கலாம்.

"நாளைக்குக் கிளினிக்குக்கு வாங்க," என்றாள் அம்மா. "நான் சொல்ல மாட்டேன். உங்க வாயாலயே சொல்லுங்க."

மற்ற வீடுகளுக்கும் அன்று மாலையே போய்ச் சொன்னேன். சிலர் கதவைச் சாத்தினார்கள், ஒருவர் தேநீர் கொடுத்துவிட்டு வேறு வேன் பார்த்துக்கொள்கிறோம் என்றார். பிள்ளைகளை ஏற்றுவது அத்தோடு நின்றது.

மறுநாள் கிளினிக்கில் நல்ல கூட்டம். என் வேனில் பிள்ளைகளை அனுப்பிய இரண்டு அம்மாமார்களும் வரிசையில் இருந்தார்கள். என் உடைந்த மலாயில் சொன்னேன்: நேற்று சொன்னது பொய், வேனில் பூனை இருக்கிறது, தினமும் இந்தப் பிள்ளையின் மடியில் இருந்தது, சாம்பிராணியும் போட்டேன். அம்மையார் தலை நிமிரவில்லை. ஒரு வரியை அடித்துவிட்டு, புதிதாக இரண்டு வரி எழுதினார். எத்தனை நாள், எவ்வளவு நேரம் என்று மட்டும் கேட்டார். மருந்தை மாற்றிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அந்தப் பிள்ளை அம்மாவின் கையை இழுத்தாள். "மா, இப்ப சாமிகிட்ட நான் குடிச்சேன்னு சொல்லணுமா, குடிக்கலன்னு சொல்லணுமா?"

நான்தான் குறுக்கே போனேன். "குடிக்கலன்னு சொல்லு பாப்பா."

"நீங்க சொல்லுங்க அங்கிள்," என்றாள். "நீங்க சொன்னாத்தான் அம்மா நம்புவாங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள். அவள் அம்மா பக்கத்தில்தான் நின்றாள். அந்த நடைபாதையில், மருந்துக்குக் காத்திருந்த அத்தனை பேருக்கும் முன்னால், தமிழில் இன்னொரு முறை முதலிலிருந்து சொன்னேன்.