பின்னால் போகாத கல்யாண வண்டி

காளியப்பன் இருபத்தேழு வருடம் ஃபேக்டரி பஸ் ஓட்டியவர். ஜொகூர் பாருவில், தம்போயில் என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறார். நாற்பத்து நாலு சீட்டு பஸ்ஸைக் கோயில் சந்துக்குள் பின்னாலேயே நுழைத்து, ஒரு சைக்கிளைக்கூட உரசாமல் நிறுத்துவார் என்று பேச்சு. பேச்சு என்ன, நானே பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவரால் ஓய்வுக்குப் பிறகு வாங்கிய சொந்தக் காரில் ரிவர்ஸ் கியர் போட முடியவில்லை என்றால் வெளியே சொல்ல முடியுமா? சொல்லவில்லை. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அறுபதுகளில் வந்த கார். தயிர் நிறம், உருண்டை முகம். காஹாங்கில் தோட்டத்துக் கணக்கு எழுதிய ஒரு பழைய கிராணியின் வீட்டில் கோழி அடைந்துகொண்டிருந்ததை வாங்கி வந்து, பெயிண்ட் அடித்து, கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்டார். முன்னால் போவதில் ஒரு குறையும் இல்லை. ரிவர்ஸ் போட்டால் மட்டும் 'கர்ர்ர்' என்று கத்தும், கியர் விழாது. ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போயிருக்கலாம். ஆனால் தம்போயில் எந்த ஒர்க்‌ஷாப்பை எடுத்தாலும் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை, அதில் இரண்டு பழைய பஸ் டிரைவர்கள். "என்னா காளி, ரிவர்ஸ் எடுக்கத் தெரியலையா?" அந்த ஒரு கேள்விக்குப் பயந்து எட்டு வருடத்தைக் கடத்தினார்.

கல்யாண நாளில் விடிவதற்கு முன்பே அவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்துகொள்ள, மனைவி புஷ்பவள்ளி அக்கா பானட்டில் கை வைத்துக் காரைப் போர்ச்சிலிருந்து வெளியே தள்ளுவார். மண்டபத்தை முந்தின நாளே மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்து, உள்ளே நுழைய ஒரு வழி, வெளியே வர வேறு வழி இருந்தால்தான் சம்மதிப்பார். "என்னா பொறுப்பு பாருங்க" என்று பெண் வீட்டார் மெச்சுவார்கள்.

மாசாயில் ஒரு கல்யாணம். படம் பிடிக்கிறவர், "அண்ணே, கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்க லா, வெயில் மூஞ்சியில அடிக்குது" என்றார். பின் சீட்டில் பெண்ணும் மாப்பிள்ளையும். சுற்றிலும் உறவுக் கூட்டம். காளியப்பனுக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "பொண்ணு மாப்பிள்ளை ஏறின வண்டி பின்னால போகக் கூடாது தம்பி. பெரியவங்க சொல்லியிருக்காங்க."

எந்தப் பெரியவர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நம் ஆட்களுக்குப் 'பெரியவங்க' என்றால் போதும். ஓர் அம்மாள், "ஆமாமா, எங்க பக்கத்துலயும் அப்படித்தான்" என்று சாட்சி வேறு சொன்னார். பிறகு ஒவ்வொரு கல்யாணத்திலும் காளியப்பன் அதையே சொன்னார். "வண்டி பின்னால போனா குடும்பமும் பின்னால போயிரும்" என்பது அவரே பிறகு ஒட்டிய வால். நாலைந்து வருடத்தில் ஜொகூர் பாருவில் மற்ற டிரைவர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். என் மகள் கல்யாணத்தில் நானே ஒரு டிரைவரை இதைச் சொல்லி அதட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

சென்ற வருடம் புஷ்பவள்ளி அக்காவின் தங்கை மகள் தேன்மொழிக்குக் கல்யாணம். "பெரியப்பா காருலதான் போவேன்" என்று படிக்கிற காலத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்த பெண். காளியப்பன் மண்டபத்தைப் போய்ப் பார்த்தார். முட்டுச்சந்து. "அன்னைக்கு வேற புக்கிங் இருக்கும்மா" என்று சொல்லிவிட்டார். அவர்கள் வேறு கார் பிடித்தார்கள். தாலி கட்டிய பிறகு அந்த டிரைவர், பெண்ணையும் மாப்பிள்ளையையும் வைத்துக்கொண்டு சந்து முழுக்கப் பின்னாலேயே எடுத்து வெளியே வந்தார். மாப்பிள்ளையின் அம்மா தனலெட்சுமி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மூன்றாம் மாதம் மாப்பிள்ளை யுகேந்திரனுக்குச் சிங்கப்பூர் வேலை போயிற்று. அடுத்து மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து இடது கை முறிந்தது. "வண்டி பின்னால போனப்பவே நெனச்சேன்" என்ற தனலெட்சுமி, பரிகாரம் பண்ணிவிட்டு வரச் சொல்லி மருமகளைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

தேன்மொழி நேராகக் காளியப்பனிடம்தான் வந்தாள். "பெரியப்பா, இந்தச் சாங்கியமெல்லாம் உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்னு சொல்றாங்க. என்னா பரிகாரம்னு சொல்லுங்க. எதுவா இருந்தாலும் செய்றேன்."

காளியப்பனால் தலை நிமிர முடியவில்லை. "விசாரிச்சுச் சொல்றேம்மா" என்றார். அதற்குமேல் பொய் சொல்லவும் தெம்பில்லை, உண்மை சொல்லவும் நா எழவில்லை. அவள் போனதும் புஷ்பவள்ளி அக்கா பொரிந்து தள்ளிவிட்டார். "எட்டு வருஷமா உங்க வண்டியத் தள்ளினேன், வாயத் தொறக்கல. ஒரு பொண்ணு வாழாவெட்டியா நிக்குது. இன்னும் என்னா விசாரிக்கணும் உங்களுக்கு?"

அந்த வாரக் கடைசியில் காளியப்பன் காரை எடுத்தார். தேன்மொழியும் புஷ்பவள்ளி அக்காவும் பின்னால் உட்கார்ந்தார்கள். "கூட ஒரு ஆள் வேணும், வாங்க" என்று என்னையும் முன் சீட்டில் ஏற்றிக்கொண்டார். எதற்கு என்று அப்போது எனக்குத் தெரியாது. ஸ்கூடாயில் தனலெட்சுமியின் வீடு, வரிசையின் கோடியில், அதற்குமேல் வழியில்லாத இடத்தில் இருந்தது. நேராக அங்கே கொண்டு போய் நிறுத்தினார்.

கேட்டுக்கு வெளியே நின்றபடியே சொன்னார். "சம்பந்தி, அது சாங்கியம் இல்ல. நான் இட்டுக்கட்டினது. என் வண்டிக்கு ரிவர்ஸ் விழாது. அத மறைக்கச் சொன்ன பொய்யி."

தனலெட்சுமி அசையவில்லை. "சொந்தக்காரப் பொண்ணுக்காகப் பேசுறீங்க. எங்கம்மா காலத்துலேர்ந்து இருக்கிற சாங்கியம் இது."

காளியப்பன், "வெளிய வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறி, கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, ரிவர்ஸ் போட்டார். கர்ர்ர். மறுபடியும் போட்டார். கர்ர்ர். நாலாவது தடவை பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. எதிர் வீட்டிலிருந்து ஒருவர் உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அலமாக்! நம்ம ஃபேக்டரி பஸ் காளியண்ணன்தான இது? ரிவர்ஸ் எடுக்கத் தெரியலையா?"

"தெரியலப்பா" என்றார் காளியப்பன். முகம் கறுத்து, காதோரம் வியர்த்து வழிந்தது. "எட்டு வருஷமா தெரியல."

தனலெட்சுமி அவரையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கேட்டைத் திறந்து வந்து, தேன்மொழியின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். மருமகள் முகத்தைப் பார்க்காமல், "உள்ள வா" என்று மட்டும் சொன்னார்.

காரை எப்படி வெளியே எடுப்பது? அப்போதுதான் நான் எதற்கு வந்தேன் என்று புரிந்தது. கட்டுப் போட்ட கையோடு யுகேந்திரனும் தள்ள வந்தான். தேன்மொழி உள்ளே போகாமல் டிரைவர் பக்கத்து ஜன்னலுக்கு வந்து குனிந்தாள்.

"பெரியப்பா, என் கல்யாணத்தன்னைக்கு வேற புக்கிங்னு சொன்னீங்களே?"

இன்னொரு பொய் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள்.

"புக்கிங் இல்லம்மா. வண்டி வீட்டுலதான் நின்னுச்சு. கான்வாஸ் போட்டு மூடி வச்சிருந்தேன்."

திட்டியிருந்தாலாவது அவருக்கு ஆறியிருக்கும். அவள் முன்னால் வந்து, எனக்கும் கணவனுக்கும் நடுவில் நின்று, பானட்டில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளினாள். கார் மெல்லப் பின்னால் நகர்ந்தது. ரோட்டு முனை வரைக்கும் அவள் தலையைத் தூக்கவே இல்லை. பின்னால் பார்த்து ஓட்ட வேண்டியவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே, வண்டி கால்வாய்ல இறங்கப் போவுது, ஒடிங்க" என்று நான்தான் கத்த வேண்டியிருந்தது.