அந்த வருடத்தின் மோசமான படம்

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் என் கைபேசிக்கு ஓய்வே கிடையாது. இந்த வருடத்தின் சிறந்த பத்துப் படங்கள், மோசமான பத்துப் படங்கள் என்று பட்டியல்கள் வந்து விழுந்தபடி இருக்கும். பண்டாரவளையில் நான் படிப்பிக்கும் பாடசாலையின் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் இதற்காகவே இரண்டு நாள் சண்டை நடக்கும். கணக்கு ஆசிரியர் குப்பை என்று ஒதுக்கிய படத்தைச் சங்கீத ஆசிரியை காவியம் என்பார். "நீங்க ஒண்ணும் சொல்லலியே டீச்சர்" என்று யாராவது என்னை இழுப்பார்கள். நான் ஒரு சிரிக்கும் முகப் பொம்மையை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்வேன். பத்து வயதில் ஒருமுறை, ஒரு படத்தை அந்த வருடத்திலேயே மோசமானது என்று எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னேன். அதோடு அந்த வேலையை விட்டுவிட்டேன்.

நாங்கள் அப்போது நமுனுகுல பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, அம்மா கொழுந்து பறிக்கப் போவாள். அப்பாவின் ஒரே தங்கையான அத்தை பதுளை டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நின்றாள். கடைக்குப் பின்னாலிருந்த அறையில் இன்னும் மூன்று பெண்களோடு தங்கல். சனிக்கிழமை கடை மூடிய பிறகு பஸ் ஏறி வந்து, ஞாயிறு மாலை ஐந்து மணி பஸ்ஸில் திரும்பிவிடுவாள். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

எங்கள் வீட்டில் டிவி இருந்தது. ஆனால் மழைக்காலத்தில் அதில் படத்தைவிடப் புள்ளிகள்தான் அதிகம் தெரியும். ஆகவே எங்களுக்குப் புதுப்படம் என்றால் அத்தைதான். மாதச் சம்பளம் வாங்கியதும் கடைப் பெண்களோடு பதுளைத் தியேட்டருக்குப் போவாள். பார்த்த படத்தை ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சொல்லுவாள். நான், தம்பி, பக்கத்து வீட்டு அக்கா தங்கை இருவர் என்று நாலு பேர் அவளைச் சுற்றி உட்காருவோம். கதாநாயகன் வந்தால் குரல் மாறும், வில்லன் வந்தால் ஒரு புருவம் மட்டும் மேலே ஏறும். சண்டைக்காட்சியில் தம்பிதான் அடி வாங்குவான். பாட்டுகளைப் பாடியே காட்டுவாள். பிறகு எப்போதாவது அந்தப் படங்களை டிவியில் பார்த்தபோது, அத்தை சொன்னதில் பாதிகூட அவற்றில் இல்லை.

வருடத்தின் கடைசி ஞாயிறு எங்களுக்குத் தீர்ப்பு நாள். அந்த வருடம் அவள் சொன்ன படங்களில் சிறந்தது எது, மோசமானது எது என்று கை தூக்கி முடிவு செய்வோம். அத்தை ஒரு சட்டம் போட்டிருந்தாள். ஒரு படத்தை மோசம் என்று யார் சொல்கிறார்களோ, அவர் அதன் கதையை முதலிலிருந்து சொல்லி, ஏன் மோசம் என்று காரணம் காட்ட வேண்டும். சும்மா யாரையும் குறை சொல்லக் கூடாதாம்.

அந்த வருடம் அவள் சொன்ன ஒரு படம் மட்டும் ஒரே ஞாயிற்றில் முடியவில்லை. ஐந்தாறு வாரம் இழுத்தது. "பாதியிலே கடைக்கு ஓடியாந்துட்டேன். மிச்சத்த பாத்துட்டு வந்து சொல்றேன்" என்பாள். யாரும் ஒரு படத்தைத் துண்டு துண்டாக ஐந்து வாரம் பார்ப்பதில்லை என்பது எங்கள் நாலு பேருக்குமே தோன்றவில்லை. யார் நடித்தது என்று கேட்டதற்கு, "எல்லாம் புதுமுகங்க" என்றாள். படத்தின் பெயரைக் கேட்டேன்.

"பேரு போட்டத நான் பாக்கல. லேட்டாத்தான் உள்ள போனேன்."

முதல் இரண்டு வாரம் அது எங்களுக்குப் பிடித்த படமாக இருந்தது. கடைசி வாரம் வந்தபோது அத்தை அதை நடித்துக் காட்டவில்லை. குரல் மாற்றவில்லை. அரிசியில் கல் பொறுக்கியபடியே சொல்லி முடித்து, முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். எங்களுக்குப் பெரிய ஏமாற்றம்.

தீர்ப்பு நாளன்று விடாத மழை. வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் கோயில் பக்கம் போய்விடும் அப்பா, அன்று மழையால் வீட்டிலேயே இருந்தார். வாசல் பக்கம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் சினிமாப் பேச்சை அவர் காது கொடுத்துக் கேட்டதே இல்லை. அம்மாவும் அத்தையும் பின்னால் குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

சிறந்த படத்துக்கு இரண்டு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டோம். மோசமான படத்துக்கு நாலு கையும் ஒன்றாக எழுந்தது. நான்தான் மூத்தவள் என்பதால் கதை சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. அப்பாவும் கேட்கிறார் என்றதும் எனக்கு உற்சாகம் கூடிவிட்டது. அத்தை விட்டுவிட்ட நடிப்பையெல்லாம் நானே சேர்த்துக்கொண்டேன்.

கதாநாயகி ஒரு கடையில் வேலை செய்கிறாள். கடை முதலாளியின் மகன்தான் கதாநாயகன். அவன் மழை பெய்தால் தன் குடையை அவளிடம் கொடுத்துவிட்டு நனைந்து போவான். தை மாதம் உங்கள் வீட்டுக்கு வந்து பெண் கேட்கிறேன் என்று சொல்வான். அடுத்து வில்லி வருகிறாள். கதாநாயகனின் அம்மா. அத்தை சொல்லியிருந்தபடியே, நான் அப்பாவின் மூக்குக்கண்ணாடியை எடுத்து, நூல் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டேன். இடுப்பில் கை வைத்து, பில் போடும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் போல் முகவாயைத் தூக்கினேன்.

"தோட்டத்துப் புள்ளைங்க கை சுத்தம். அதுக்காகத்தான் நான் அதுகளையே வேலைக்கு எடுக்கிறது."

மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். அப்பா கோப்பையைக் கீழே வைத்தார்.

"அத இன்னொருக்கா சொல்லு" என்றார்.

அவருக்கு நடிப்புப் பிடித்துவிட்டது என்று நினைத்து, முன்பைவிட நன்றாகச் செய்து காட்டினேன். அத்தையைக் கடையில் சேர்க்க அழைத்துப்போனவர் அவர். கழுத்தில் கண்ணாடி தொங்க, அந்த அம்மா அதே சொற்களை அவரிடம்தான் சொல்லியிருக்கிறாள் என்பது எனக்கு எப்படித் தெரியும்.

"இந்தப் படம் எங்க ஓடுச்சு?"

"பதுளையிலதான்பா."

"பொறகு?"

பிறகு நடந்ததைச் சொன்னேன். ஒரு நாள் காலையில் கதாநாயகனுக்குக் கண்டியில் பெண் பார்த்து நிச்சயம் செய்துவிட்டதாகக் கடையில் பேச்சு. தாம்பூலத் தட்டில் வைக்கும் சேலைகளை எடுத்து மடிக்கும்படி வில்லி கதாநாயகியிடமே சொல்கிறாள். கதாநாயகன் பக்கத்தில் நின்று, தலை குனிந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கதாநாயகி எல்லாச் சேலைகளையும் ஓரம் பிசகாமல் மடித்து, ஊசி குத்தி, பெட்டியில் வைத்துக் கொடுக்கிறாள்.

"கடைசியில அந்தப் புள்ள என்னாதான் செஞ்சிச்சு?" என்றார் அப்பா.

"ஒண்ணுமே செய்யலப்பா. அழக்கூட இல்ல. அடுத்த நாளும் கடைக்கு வேலைக்குப் போகுது. அதோட படம் முடிஞ்சிரிச்சி. அதனாலதான் மோசமான படம்."

அத்தை கையில் கரண்டியோடு குசினி வாசலில் வந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. அப்பா எழுந்து போய் அவள் கன்னத்தில் அறைந்தார்.

அப்பா யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை. தம்பி ஒருமுறை அவருடைய டோர்ச் லைட்டைத் தண்ணீர் பீலியில் போட்டுக் கெடுத்தபோதுகூட, இரண்டு நாள் பேசாமல் இருந்தாரே ஒழியக் கை ஓங்கவில்லை. கரண்டி சிமெந்துத் தரையில் விழுந்து உருண்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரும் மழையிலேயே ஓடிவிட்டார்கள். என் கழுத்தில் கண்ணாடி தொங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, புள்ளைங்க பாக்குதுங்க" என்றாள் அத்தை.

எனக்கு ஒரே ஒரு விளக்கம்தான் கிடைத்தது. அத்தை வேலை நேரத்தில் கடையை விட்டுப் படம் பார்க்கப் போயிருக்கிறாள். அதுவும் ஒரே படத்துக்கு ஐந்து தடவை. நான்தான் அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். ஓடிப்போய் அப்பா கட்டியிருந்த சாரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"அத்தை இனிமே படம் பாக்க மாட்டாங்கப்பா. அடிக்காதீங்கப்பா. நாங்களும் கதை கேக்க மாட்டோம்."

அப்பா என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. பயந்தவர் முகம் போல இருந்தது. பிறகு வாசற்படியில் போய் உட்கார்ந்து, அடித்த கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார். கூரைத் தகரத்திலிருந்து தண்ணீர் அவர் முழங்காலில் ஊற்றிக்கொண்டிருந்தது. அவர் நகரவில்லை.

அம்மா அத்தையைக் குசினிக்குள் இழுத்துப்போய்த் தணிந்த குரலில் கேட்டது எனக்குக் கேட்டது.

"வேற ஒண்ணும் இல்லையே?"

"இல்ல அண்ணி. பேச்சு மட்டுந்தான்."

"சத்தியமா?"

"சத்தியமா."

வேறு ஏதாவது படம் பார்த்தாளா என்று அம்மா விசாரிக்கிறாள் என்று நான் நினைத்தேன். அதற்கு ஏன் சத்தியம் வாங்குகிறாள், வாங்கியதும் ஏன் அத்தையைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்பதுதான் பிடிபடவில்லை.

மறுநாள் அப்பா வேலைக்குப் போகவில்லை. விடிந்ததும் அத்தையைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போனார். மத்தியானம் இருவரும் அத்தையின் பெட்டியோடு திரும்பி வந்தார்கள். கடையில் நடந்ததைப் பல வருடங்களுக்குப் பிறகு அம்மா சொன்னாள். சண்டை போடத்தான் அப்பா போனாராம். வழியெல்லாம் என்ன கேட்க வேண்டும் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாராம். மகன் சரக்கு எடுக்கக் கொழும்புக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். முதலாளி அம்மா, "நாங்க எங்க வீட்டுப் புள்ள மாதிரிதானே வச்சிருந்தோம்" என்று சொல்லி, ஒரு புதுச் சேலையை எடுத்து மேசையில் வைத்தாள். அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை. அத்தைதான் தன் பையிலிருந்த கடையின் அளவு நாடாவை எடுத்து, அந்தச் சேலையின் மேல் வைத்துவிட்டு, "வாங்கண்ணே, பஸ் போயிரும்" என்றாளாம்.

அண்ணனும் தங்கையும் அதன் பிறகு இரண்டு மாதம் பேசிக்கொள்ளவில்லை. ஒரு நாள் அப்பா, கீழ் ரோட்டிலிருந்து லயம் வரை அந்தச் செங்குத்துப் படிகளில், ஒரு பழைய தையல் மெசினைத் தோளில் சுமந்து ஏறி வந்தார். அதை ஜன்னலோரம் இறக்கி வைத்துவிட்டு, "வெளிச்சம் போதுமா பாரு" என்றார். "போதும்ண்ணே" என்றாள் அத்தை. மன்னிப்பு என்று எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

தோட்டத்துப் பெண்களுக்கெல்லாம் அத்தை சட்டை தைத்துக் கொடுத்தாள். மூன்று வருடம் கழித்துப் பூனாகலையில் ஒரு லொறி டிரைவரைக் கட்டிக்கொண்டு போனாள். மாமா நல்லவர். இரண்டு பிள்ளைகள், பெரியவன் இந்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுதுகிறான். எல்லாம் நன்றாகத்தான் ஆனது. ஆனால் அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அத்தை எங்களுக்கு ஒரு படம்கூடச் சொல்லவில்லை. கேட்டால், "மறந்து போச்சுடி" என்பாள். நான் அவள்மேல் கோபமாக இருந்தேன். ஒரு நாள் அடி வாங்கியதற்காக இத்தனை பிடிவாதமா என்று நினைத்தேன்.

உயர்தரம் படிக்கப் பதுளைக்குப் போனபோது, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சீடி கடை இருந்தது. அத்தையின் பிறந்த நாளுக்கு அந்தப் படத்தை வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்யலாம் என்று எனக்கு ஒரு யோசனை. பெயர் தெரியாது, நடித்தவர்கள் புதுமுகங்கள், கதை மட்டும் தெரியும் என்று கடைக்கார அண்ணனிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கதை முழுவதையும் கேட்டார்.

"பாட்டு இருக்கா?"

"மொத ரெண்டு வாரம் இருந்திச்சு" என்று சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அந்தச் சொல் என் காதிலேயே விழுந்தது.

"அப்பிடி ஒரு படம் வரவே இல்ல தங்கச்சி" என்றார் அவர்.

அடித்த கையை அப்பா ஏன் பிடித்துக்கொண்டார், அம்மா எதற்குச் சத்தியம் வாங்கினாள் என்பதெல்லாம் அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. பஸ் ஒன்றைத் தவறவிட்டேன். ஆனால் இன்னொன்று அப்போதும் நினைவுக்கு வரவில்லை. எனக்கே கல்யாணமான பிறகு, ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோதுதான் வந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தப் படத்தின் நாலாவது ஞாயிறு அது. மற்றவர்கள் விளையாடப் போய்விட்டார்கள். அத்தை என் தலையை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். கதாநாயகனின் அம்மாவுக்கு விசயம் தெரிந்துவிட்டது என்ற இடத்தில் கதையை நிறுத்தியிருந்தாள்.

"இனிமே என்னா நடக்கும்னு நெனைக்கிற?" என்று கேட்டாள்.

"அம்மாகூடச் சண்ட போட்டுட்டு, அவன் நேரா பொண்ணு வீட்டுக்கு வந்துருவான்."

சீப்பு நின்றது.

"வருவானா?"

எனக்குத் தெரியாத கதையா. "கட்டாயம் வருவான் அத்தை" என்று சொன்னேன்.

அவள் என் பின்னலை இறுக்கி ரிப்பன் கட்டினாள். அன்று மாலை வழக்கத்துக்கு மாறாக முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு, ஐந்து மணி பஸ்ஸுக்கு நாலரைக்கே இறங்கிப் போனாள்.