இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள் கடந்த கேபிள்

பூச்சி அருங்காட்சியகத்தில் படமெடுக்கும் வேலை அவளுக்கு. எந்நேரமும் கேமரா ஒயரோடு மல்லுக்கட்டுவதால் எல்லோரும் அவளை 'ஒயரம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். முன்பு துணிக்கடைக்காகச் சட்டைகளைப் படமெடுத்தவள்; பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின் இங்கே வந்தாள்.

இங்கே ஒரு பூச்சிக்கு ஒரு படம் போதாது; ஒரு படத்தில் அதன் ஒரு மெல்லிய அடுக்குதான் தெளிவாக விழும். கேமரா மயிரிழை மயிரிழையாக நகர்ந்து இருநூறு படமாவது எடுக்கும். ஒவ்வொன்றும் எடுத்த கையோடு கேபிள் வழியே கம்ப்யூட்டருக்குப் போய், கடைசியில் எல்லாம் சேர்ந்து ஒரே தெளிவான படமாகும். நடுவில் கேபிள் ஒரு நொடி கண்ணயர்ந்தால் போச்சு, மறுபடி முதலிலிருந்து.

அந்த வருடம் மூன்று விலையுயர்ந்த கேபிள்கள் வரிசையாக மண்டையைப் போட்டன.

"இனிமே அந்த விலைக்கு ஆபீஸ்ல கையெழுத்துப் போட மாட்டாங்கம்மா" என்று கையை விரித்தார் மேலதிகாரியான பூச்சி ஆராய்ச்சி டாக்டர்.

செத்த கேபிள்களை வீட்டுக்குக் கொண்டுபோய், சமையலறையில் உட்கார்ந்து பிளேடால் கீறினாள்.

"என்னடி, மீன் சுத்தம் பண்றியா?" என்றாள் மாமியார்.

நடுப்பகுதி மூன்றிலும் புத்தம் புதிதாக இருந்தது. பிளக்கை ஒட்டிய கழுத்தில்தான் உள்ளிழைகள் அறுந்திருந்தன.

விலை மலிந்த கேபிள்கள் ஐந்தை வாங்கிச் சோதித்தாள். ஒன்றில் சார்ஜ் மட்டும் ஏறியது, படம் போகவில்லை. ஐந்து மீட்டர் நீளமானது நாற்பதாவது படத்தில் மூச்சு வாங்கியது. இரண்டு, கழுத்தைத் திருப்பியதுமே கைவிட்டன. ஐந்தாவது மூன்று மீட்டர். பார்க்கச் சகிக்காத பச்சை, கழுத்து மட்டும் தடிமன். அதை மடக்கி மடக்கியே ஐந்நூறு படம் எடுத்தாள். ஒன்றுகூடத் தவறவில்லை. விலையோ பழையதில் கால்வாசி.

"கம்ப்யூட்டர் சுவரோரமா இருக்கு. மூணு மீட்டர் எட்டாதேம்மா" என்றார் டாக்டர்.

"கேபிள எதுக்கு சார் நீட்டணும்? கேமரா மேஜையத் தள்ளிக்கலாமே."

ஆறு வருடமாக அசையாத மேஜையை டாக்டர் ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு அவரே ஒரு பக்கம் பிடித்தார். கேமராவின் பக்கம் கொஞ்சம் தொய்வு விட்டு, கேபிளை ஸ்டாண்டின் காலோடு கட்டினாள். யார் கால் தடுக்கினாலும் இழுப்பு ஸ்டாண்டோடு நின்றுவிடும், கழுத்துக்குப் போகாது.

முதலில் வைத்தது நகக்கண் அளவு சாம்பல் நிற அந்துப்பூச்சி. இருநூற்றுப் பன்னிரண்டு படங்களும் ஒன்று பிசகாமல் வந்து சேர்ந்தன.

திரையில் இறக்கை விரிந்தது. சாம்பல் என்று நினைத்த இடத்தில் ஓடு வேய்ந்தாற்போல் ஆயிரமாயிரம் செதில்கள். வெண்கலம், பொன், மயில்நீலம். ஒவ்வொரு செதிலிலும் சீப்பால் வாரியது போன்ற கோடுகள்.

"முப்பது வருஷமா இதைப் பார்க்கிறேன்" என்றார் டாக்டர். திரையருகே குனிந்து, "பார்க்கவே இல்ல போலிருக்கு" என்றார்.

அவள் அந்தப் பச்சைக் கேபிளைத் தொட்டுப் பார்த்தாள். விரல் தடிமன்கூட இல்லாத இந்த ஒயருக்குள் இத்தனையும் ஓடி வந்ததா!

அருங்காட்சியகத்தில் சுவரளவு பெரிதாக்கி மாட்டிய அந்தப் படத்தைப் பார்க்க மாமியார் வந்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"இதையா நான் தினமும் துடைப்பத்தால அடிச்சேன்?"

ஒயரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அலமாரியில் இன்னும் நாலாயிரம் பூச்சிகள் காத்திருந்தன.