விழ வேண்டும் என்று ஒரு நேர்ச்சை

வயிற்றெரிச்சல் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு என்னவோ அது முதலில் விரல் நுனியில்தான் எரிந்தது. இருபது நாள் உப்புத்தாள் பிடித்துத் தேய்த்த விரல்கள். தேய்த்தது ஒரு விமானத்தின் இறக்கையை.

எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, எனக்குப் பதினோரு வயது. சித்தப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார். அப்படிப்பட்டவர்களைக் காரைக்காலில் சொல்தா என்பார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். வந்துவிட்டால் தலத்தெருவில் எங்கள் வீடு கல்யாண வீடுதான். அந்த முறை சித்தியை அங்கேயே விட்டுவிட்டுத் தனியாக வந்தவர், சென்ட்டும் சாக்லேட்டும் போக, இது யாருக்கு என்று சொல்லாமல் ஒரு நீள அட்டைப்பெட்டியையும் கொண்டுவந்திருந்தார்.

உள்ளே விமானம் இல்லை. விமானம் ஆகப்போகிற குச்சிகளும் தகடுகளும் இருந்தன. முருங்கைக் கட்டையே கனம் என்று சொல்லவைக்கிற மாதிரி அப்படி ஒரு இலேசான மரம். கூடவே ஒரு குட்டி இஞ்சின். அப்புறம், இரண்டு குச்சி முளைத்த ஒரு ரேடியோ பெட்டி. அதன் ஏரியலை இழுத்தால் என் உயரத்துக்கு வரும். தரையில் நின்று குச்சியைத் தள்ளினால் வானத்தில் வால் திரும்புமாம். அங்கே ஞாயிற்றுக்கிழமை ஆனால் மைதானத்தில் தான்தான் முதல் ஆள் என்றார் சித்தப்பா. வெள்ளைக்காரப் பிள்ளைகள் எல்லாம் தன்னிடம்தான் வந்து கேட்டுக்கொள்ளும் என்றார். நாங்கள் வாயைப் பிளந்தோம்.

நாங்கள் என்றால் நானும் அத்தை மகனும். மாமா இறந்தபிறகு அத்தையும் அவனும் எங்கள் வீட்டோடு வந்துவிட்டார்கள். என்னைவிட ஒரு வயது மூத்தவன். அப்பா இல்லாத பிள்ளை என்று கொடுவா மீன் தலையில் இருந்து வாடகை சைக்கிள் வரைக்கும் எல்லாம் அவனுக்குத்தான் முதலில். எனக்கு அது பழகியிருந்தது. பழகியிருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விமானம் கட்டுகிற வேலைக்கு அவன் கை ஒத்துவரவில்லை. இறக்கையின் விலா எலும்பு என்று சித்தப்பா சொன்ன மெல்லிய தகடுகளில் நாலை பிளேடால் குறுக்கே வெட்டி ஒடித்தான். பசையில் தன் விரலையே ஒட்டிக்கொண்டான். என் கை ஒத்துவந்தது. நான் வெட்டினேன், தேய்த்தேன், ஒட்டினேன். எலும்பின்மேல் மெல்லிய தாளைப் போர்த்தித் தண்ணீர் தெளித்தால், காயக் காய அது தவில் தோல் மாதிரி இறுகும். எங்கள் ஊர் உப்புக் காற்றில் அந்தி சாய்ந்ததும் மறுபடி தொய்யும். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதலில் அதைத்தான் தட்டிப் பார்ப்பேன்.

இஞ்சினுக்கு மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய், ஆஸ்பத்திரி கம்பவுண்டரிடம் கேட்டு வாங்கிய ஈதர், மூன்றையும் கலக்க வேண்டும். கலந்த அன்று வீடே நாறியது.

“ஏன் தம்பி, பேதிக்குக் குடுக்கற எண்ணெயிலயா ஓட்டுவாங்க ஏரோப்ளேன்?” என்று அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“அது நிக்காமப் போவணும்ல அக்கா” என்றார் சித்தப்பா.

பாடுபட்டவள் நான். ஆகையால் பெட்டியைப் பிடித்து முதலில் ஓட்டப்போவதும் நான்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. யாரும் அப்படிச் சொல்லவில்லை. கேட்கவும் தோன்றவில்லை. சாப்பிடும்போதுகூடத் தட்டுக்குக் கீழே கட்டைவிரல்கள் இரண்டும் இல்லாத குச்சிகளைத் தள்ளிக்கொண்டிருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து, கிளிஞ்சல்மேட்டுக்கு வடக்கே மணல் வெளிக்குப் போனோம். இடது கைப் பக்கம் சவுக்குத் தோப்பு, எதிரே கடல். அப்பா, அத்தை, நாங்கள் இரண்டு பேர், பின்னால் பாதித் தெரு. கருவாடு காயவைத்திருந்த பெண்கள் வேலையை விட்டு எழுந்து வந்தார்கள்.

“பறக்கவிட்டு முடிச்சதும் இதக் குடுத்துட்டுப் போங்க தம்பி. கருவாட்டுக்குக் காக்கா வெரட்ட ஆவும்” என்றாள் ஒருத்தி.

சித்தப்பா சிரிக்கவில்லை. விரலால் விமானத்தின் மூக்கு விசிறியைத் தட்டித் தட்டி, பத்தாவது தட்டில் இஞ்சின் பிடித்தது. ஏரியலை இழுத்தார். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வானத்தையே பார்த்தார். அப்புறம் நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கும்போதே, என் தலைக்கு மேலாக அதை அத்தை மகனிடம் கொடுத்தார்.

“நீதாண்டா ஓட்டற. நான் சொல்லச் சொல்லத் தள்ளு.”

என்னைப் பார்த்து, “நீ செஞ்சுட்ட பாப்பா, அவன் ஓட்டட்டும். சரியாப் போச்சுல்ல?” என்றார்.

அத்தை முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அவனோ பெட்டியைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். கேலி செய்யவில்லை, சந்தோஷம்தான். அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

சித்தப்பா ஓடிப்போய் விமானத்தை எறிந்தார். அது கொஞ்சம் தாழ்ந்து, யோசித்து, எழும்பியது. கடல் பக்கம் போனதும், வெயிலில் என் இறக்கை மின்னியது. தாளுக்குள்ளே நான் ஒட்டிய எலும்புகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. கூட்டம் கை தட்டியது. எல்லாரும் தட்டியது அவனுக்கு.

அந்த நேரத்தில்தான் நேர்ந்துகொண்டேன். மாதாவே, அது விழுந்துவிட்டால் ஒரு மெழுகுவத்தி ஏற்றுகிறேன். கொஞ்சம் யோசித்து, பெரிய மெழுகுவத்தி என்று திருத்திக்கொண்டேன்.

விமானம் பெரிய வட்டம் போட்டு எங்களைப் பார்த்துத் திரும்பியது. வரும்போது சவுக்குத் தோப்புப் பக்கம் சாய்ந்தது. சித்தப்பா அவன் தோளுக்குப் பின்னால் நின்று கத்தினார்.

“சோத்துக்கைப் பக்கம் தள்ளு! சோத்துக்கை! இன்னும், இன்னும்டா!”

அவன் தள்ளினான். நான் ஒரு முழம் தள்ளித்தான் நின்றேன். அவன் கட்டைவிரல் வலது பக்கம் போனதைப் பார்த்தேன். விமானம் எங்களைப் பார்த்து வரும்போது அதன் வலது கை நமக்கு இடது பக்கம் இருக்கிறது என்பது அங்கே யாருக்கும் உறைக்கவில்லை. தள்ளத் தள்ள அது தோப்பையே நோக்கித் திரும்பி, சுழன்று, ஒரு சவுக்கு மரத்தில் போய்ச் செருகியது. தாள் கிழிகிற சத்தம் அவ்வளவு தூரத்திலும் கேட்டது.

 சித்தப்பா அவன் பக்கம் திரும்பினார்.

“எத்தன தரம் சொல்லிக் குடுத்தேன், எதுர வந்தா மாத்தித் தள்ளணும்னு! கேட்டானா இவன்?”

“இல்ல மாமா, நீங்கதான சோத்துக்கைன்னு...” என்று அவன் ஆரம்பிக்கும்போதே அத்தை அவன் முதுகில் ஒன்று வைத்தாள். “மாமாவயே எதுத்துப் பேசறியா?” என்று இன்னொன்று. அவன் பெட்டியைக் கீழே போடாமல் அடி வாங்கினான். அப்புறம் என் பக்கம் திரும்பினான்.

“ஏ புள்ள, நீ பக்கத்துலதான நின்ன. சொல்லேன். மாமா என்ன சொன்னாங்க?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சித்தப்பாவும் பார்த்தார், பார்த்துவிட்டு மணலைப் பார்த்தார்.

“கடல் எரைச்சல்ல எனக்கு ஒண்ணும் கேக்கல” என்றேன்.

அவன் அதற்குப்பிறகு யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் அன்றிலிருந்து ஒரு பேச்சு வழக்கம் வந்துவிட்டது. கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க வேண்டுமா, ரேடியோவைத் திருப்ப வேண்டுமா, “அவன் கையில குடுக்காத, சவுக்குத் தோப்புக்குப் போயிடும்” என்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். அவன் இன்றைக்கும் வீட்டில் பியூஸ் போனால் ஆள் கூப்பிட்டுத்தான் மாற்றுகிறான். சித்தப்பா பிரான்ஸில் ஒருநாளும் விமானம் ஓட்டியதில்லை. வேலிக்கு வெளியே நின்று அடுத்தவர்கள் ஓட்டுவதை மணிக்கணக்காகப் பார்ப்பார், ஒருதரம் ஓட்டக் கேட்க வெட்கம் என்று சித்தி சொன்னபோது, எனக்கே கல்யாண வயதில் மகள் இருந்தாள். தன் கையால் விழுந்துவிடுமோ என்ற பயத்தில்தான் பெட்டியைக் கைமாற்றியிருக்கிறார். அதைத்தான் நான் அவனுக்குக் கிடைத்த வரம் என்று நினைத்து வெந்துபோனேன்.

ஆனால் அந்த வாரம் எனக்கு இருந்த கவலையே வேறு. மாதா என் வேண்டுதலைக் கேட்டுவிட்டாள். இனி மெழுகுவத்தி ஏற்றினால் கெட்ட நேர்ச்சையை நிறைவேற்றிய பாவம், ஏற்றாவிட்டால் ஏமாற்றிய பாவம்.  சனிக்கிழமை சாயங்காலம் கோயிலில், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலிட்டு, விமானம் விழவேண்டும் என்று நேர்ந்துகொண்டேன் சாமி என்று அழுதேன்.

மரச் சல்லடைக்கு அந்தப் பக்கம் சாமியார் கொஞ்சம் இருமினார். இருமல்தானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

“நேந்தத ஏத்திடும்மா. ஏத்தறப்ப அந்தப் பையனுக்காக வேண்டிக்க” என்றார். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். “வேற எதாச்சும் பாவம் இருக்கா?”

நான் அவசரப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமையை விடிந்ததிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். பிறகு, மனசு இலேசாகி, “வேற ஒண்ணும் இல்ல சாமி” என்றேன்.